பவுண்டி ஹன்டர் எது வரைக்கும் போகலாம்? அமெரிக்க பெயில் ரிக்கவரி பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியால கவுண்டி ஜெயிலுக்கு எதிர்த்தாப்ல ஒரு பெயில் பாண்ட் ஆபீஸ்ல ரெண்டு வருஷம் நைட் ஷிப்ட் பார்த்தேன், கிரீன் கார்டு வந்த புதுசு, கிடைச்ச வேலை அதுதான். போன் எடுக்கணும், பைல் போடணும், அழற அம்மாக்களுக்கு தண்ணி கொடுக்கணும். அந்த வேலையை விட்டு வருஷமாச்சு, ஆனா இன்னும் யாராவது டிவில ஒரு எபிசோட் பாத்துட்டு "ஏங்க நிஜமாவே கதவை உடைச்சுட்டு வருவாங்களா"ன்னு கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா இங்க. நான் வக்கீல் இல்ல, உங்க கேஸுக்கு வக்கீலைத்தான் கேக்கணும்.

கேள்வி: பவுண்டி ஹன்டர்னா போலீஸா?

இல்லவே இல்ல. தனியார் ஆளு. அரசாங்க சம்பளம் கிடையாது, ஒரு பெயில் கம்பெனிக்காக வேலை பாக்கறவர். இப்ப ஒருத்தருக்கு கோர்ட் 50,000 டாலர் பெயில் போடுதுன்னு வைங்க, அவ்வளவு காசு கையில யாருகிட்ட இருக்கும், பெயில் கம்பெனிகிட்ட போவாங்க, 10 சதவீதம், அதாவது 5,000 டாலர் கட்டணமா கட்டினா முழுத் தொகைக்கும் கம்பெனி கோர்ட்டுக்கு பாண்ட் எழுதிக் கொடுத்து ஆளை வெளிய எடுக்கும். அந்த 5,000 திரும்ப வராது, கேஸ் தள்ளுபடி ஆனாலும் வராது, இதை கவுன்டர்ல எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஆளு வாய்தாவுக்கு வராம டிமிக்கி கொடுத்தா கம்பெனி முழு 50,000த்தையும் கட்டணும். கலிபோர்னியால பொதுவா 180 நாள் டைம் இருக்கு, அதுக்குள்ள ஆளை கொண்டு வந்துட்டா பணம் தப்பிச்சது. அந்த 180 நாளுக்குள்ள தேடிப் பிடிக்க அனுப்பற ஆளுதான் இவரு. பிடிச்சாதான் காசு, பெரும்பாலும் பாண்ட் தொகைல 10லேருந்து 20 சதவீதம்னு பேசிக்குவாங்க. பிடிக்கலைன்னா பெட்ரோல் காசும் கைக்காசுதான்.

கேள்வி: போலீஸ் இல்லைன்னா எந்த அதிகாரத்துல கைவிலங்கு மாட்டறாங்க?

இதுதான் எல்லாத்துக்கும் வேர், கொஞ்சம் பொறுமையா படிங்க. அதிகாரம் பேட்ஜ்லேருந்து வரல, பேப்பர்லேருந்து வருது. பெயில்ல வர்றவர் கம்பெனியோட ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து போடறாரு, நான் வாய்தாவுக்கு வரலைன்னா நீங்க என்னைப் பிடிச்சு திரும்ப ஒப்படைக்கலாம்னு அதுல இருக்கும். ராத்திரி 2 மணிக்கு 14 பக்கத்தை யாரு படிக்கறா, கையெழுத்து போட்டுட்டு பீட்சா வாங்க போயிடுவாங்க.

அது போக ஒரு பழைய தீர்ப்பு இருக்கு. 1872ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் கொடுத்த டெய்லர் எதிர் டெயின்டர். பெயில் கொடுத்தவர் கையில ஆளு இருக்கறது பழைய ஜெயில் காவலோட தொடர்ச்சி மாதிரிதான், எப்ப வேணா பிடிக்கலாம், வேற ஸ்டேட்டுக்கு துரத்திட்டு போகலாம், ஞாயித்துக்கிழமை கூட பிடிக்கலாம், தேவைப்பட்டா வீட்டை உடைச்சு உள்ள போகலாம்னு அதுல ஒரு பத்தி. இந்த லைன்ல இருக்கறவங்க இதை தேவாரம் மாதிரி ஒப்பிப்பாங்க. ஆனா யாரும் சொல்லாத விஷயம், அந்த கேஸ்ல பெயில் கொடுத்தவங்க தோத்துட்டாங்க! மெக்குவயர்னு ஒருத்தன், கனெக்டிகட்ல 8,000 டாலர் பெயில்ல வெளிய வந்து நியூயார்க் போயிட்டான், அங்கேருந்து மெய்ன் ஸ்டேட்காரங்க வேற ஒரு திருட்டு கேஸுக்கு அவனை கூட்டிட்டுப் போய் 15 வருஷம் உள்ள தள்ளிட்டாங்க. எங்களால எப்படிங்க கொண்டு வர முடியும்னு ஜாமீன் போட்டவங்க அழுது பாத்தாங்க, கோர்ட் கேக்கல, அவனை ஸ்டேட்டை விட்டு போக விட்டது உங்க தப்பு, பணத்தை கட்டுன்னுடுச்சு. அந்த கதவை உடைக்கற பத்தி போற போக்குல சொன்ன வாசகம். அதை வச்சு 150 வருஷமா ஒரு தொழிலே ஓடுது.

அதனால மனசுல வச்சுக்க வேண்டியது, பேப்பர் எங்க முடியுதோ அதிகாரமும் அங்க முடியுது. அந்த பேப்பர்ல கையெழுத்து போடாத ஆளு மேல, அவரோட வீட்டு மேல, வேற நாட்டு மண்ணு மேல அது செல்லாது. அதுக்கு மேல ஒவ்வொரு ஸ்டேட்டும் தன் பங்குக்கு வேலி போட்டு வச்சிருக்கு.

கேள்வி: அப்ப எல்லா ஸ்டேட்லயும் ஒரே ரூல் இல்லையா?

சுத்தமா இல்ல. இல்லினாய், கென்டக்கி, ஓரிகன், விஸ்கான்சின் நாலுலயும் காசு வாங்கி பெயில் போடற வியாபாரமே கிடையாது, இல்லினாய் 2023 செப்டம்பர்லேருந்து பணம் கட்டற பெயிலையே தூக்கிட்டாங்க. ஃப்ளோரிடால சுத்தித் திரியற ஃப்ரீலான்ஸ் ஹன்டருக்கு இடமில்ல, லைசென்ஸ் உள்ள பெயில் ஏஜென்ட்தான் பிடிக்கணும். நார்த் கரோலினால ரன்னர்னு பேரு, லைசென்ஸ் வேணும். டெக்ஸாஸ்ல சும்மா ஒரு ஆளை அனுப்ப முடியாது, போலீஸ்காரரா இருக்கணும், இல்ல லைசென்ஸ் உள்ள பிரைவேட் டிடெக்டிவோ துப்பாக்கி அனுமதி உள்ள செக்யூரிட்டி ஆபீசரோ. ஒரு ஸ்டேட் கார்டை வச்சுக்கிட்டு பக்கத்து ஸ்டேட்ல போய் ஆட்டம் போட்டு உள்ள போனவங்க கதை நிறைய.

கேள்வி: கதவை உடைச்சுட்டு வரலாமா? நேரா சொல்லுங்க.

நேரா சொன்னா, யாரோட கதவு, எந்த ஸ்டேட், இந்த ரெண்டும் தெரியணும்.

பெயில்ல வந்தவனோட சொந்த வீடு, அவன் உள்ள இருக்கான்னு நியாயமான காரணத்தோட தெரியும்னா பல ஸ்டேட்ல உள்ள போக வழி இருக்கு. கலிபோர்னியால அதுக்கும் முறை வச்சிருக்காங்க, முதல்ல நான் யாரு எதுக்கு வந்திருக்கேன்னு சொல்லி கதவைத் திறக்கச் சொல்லணும், போலீஸ்காரர் கைது பண்ண போனா என்ன ரூலோ அதே ரூல். அதுக்கு முன்னாடி லோக்கல் போலீஸுக்கோ ஷெரிஃபுக்கோ தகவல் சொல்லியாகணும், அதுவும் போறதுக்கு முன்னாடி 6 மணி நேரத்துக்குள்ள, நேத்தே சொல்லிட்டேன்னா செல்லாது. வாஷிங்டன்ல திட்டம் போட்டு கதவை உடைக்கறதா இருந்தா போலீஸுக்கு சொல்றது மட்டும் இல்ல, போட்டிருக்கற வெஸ்ட்ல முன்னாடியும் பின்னாடியும் 2 இன்ச் உயரத்துக்கு லைட் பட்டா மின்னற எழுத்துல பெயில் ஆளுன்னு எழுதியிருக்கணும்னு சட்டத்துலயே அளவோட போட்டிருக்கு. டெக்ஸாஸ்ல வீட்டுக்குள்ள இருக்கறவங்க சம்மதம் இல்லாம நுழையவே கூடாது. அரிசோனாலயும் ஆள் இருக்கற வீட்டுக்குள்ள போக அந்த நேரத்துல அங்க இருக்கறவங்க ஒத்துக்கணும்.

அரிசோனா சட்டம் சும்மா வரல. 1997 ஆகஸ்ட் கடைசியில ஃபீனிக்ஸ்ல முகமூடி போட்ட கும்பல் ஒரு வீட்டுக்குள்ள பூந்து உள்ள இருந்த இளம் ஜோடியை சுட்டுக் கொன்னுச்சு. பிடிபட்டதும் நாங்க பவுண்டி ஹன்டர்ஸ், வீடு மாறிப்போச்சுன்னு சொன்னாங்க. விசாரிச்சா கொள்ளையடிக்கத்தான் வந்திருக்காங்க. ஆனா நாடே கேட்ட கேள்வி வேற, அப்படி ஒரு சாக்கு சொன்னா அது எடுபடற நிலைமைலயா சட்டம் இருக்குன்னு. அதுக்கப்புறம்தான் ரூல் போட்டாங்க.

அவனோட மச்சான் வீடு, கேர்ள்ஃப்ரெண்ட் வீடு, முதலாளி கடை, இதெல்லாம் மூணாவது மனுஷன் சொத்து. அவங்க எந்த பேப்பர்லயும் கையெழுத்து போடல. அனுமதி இல்லாம போனா அத்துமீறல் கேஸ், சாமான் உடைஞ்சா அதுக்கு தனி.

கேள்வி: நிஜமாவே வீடு மாறிப் போயிருக்காங்களா?

அதே ஃபீனிக்ஸ், 2015 ஆகஸ்ட். சோஷியல் மீடியால யாரோ கொடுத்த துப்பை நம்பி ராத்திரில ஒரு வீட்டை சுத்தி வளைச்சாங்க, டார்ச்சு, துப்பாக்கி, கதவை தட்டி ஒரே கூச்சல். உள்ளேருந்து வெளிய வந்தவரு யாருன்னா அந்த ஊரு போலீஸ் சீஃப்! ஹன்டர்ஸ்ல ஒருத்தர் கைது. இதைப் படிச்சுட்டு எங்க ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு மட்டும் சிரிப்பு வரல, போலீஸ் சீஃப்ங்கறதால நியூஸ் ஆச்சு, அங்க ஒரு சாதாரண குடும்பம் இருந்திருந்தா யாருக்கு தெரிஞ்சிருக்கும்.

இன்னொன்னு, தப்பான ஆளைத் தூக்கினா நல்லெண்ணத்துல பண்ணேன்னு சொல்லி தப்பிக்க முடியாது. போலீஸுக்கு இருக்கற சட்டப் பாதுகாப்பு இவங்களுக்கு இல்ல. ஆள்கடத்தல், அடைச்சு வச்சதுன்னு கிரிமினல் கேஸே வரும்.

கேள்வி: பேட்ஜ் போட்டுக்கிட்டு வர்றாங்களே, அது சரியா?

கலிபோர்னியால அரசாங்க ஆளுன்னு நினைக்க வைக்கற பேட்ஜும் கூடாது, யூனிஃபார்மும் கூடாது. டெக்ஸாஸ்லயும் அரசாங்க ஆளுன்னு தோணற சட்டையோ பேட்ஜோ போடக்கூடாது. ஃபெடரல் ஆபீசர்னு சொல்லி ஏமாத்தினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில். கதவுக்கு வெளிய நின்னு "போலீஸ்"னு கத்தறது இந்த தொழில்ல ரொம்ப பழைய வியாதி, கத்தினா சீக்கிரம் திறப்பாங்கல்ல. எனக்குத் தெரிஞ்ச நல்ல ரிக்கவரி ஆளுங்க அதைச் செய்ய மாட்டாங்க. பேரு சொல்லுவாங்க, எந்த கம்பெனின்னு சொல்லுவாங்க, பாண்ட் காப்பியும் கம்பெனி கொடுத்த அத்தாட்சி லெட்டரும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஜன்னல்கிட்ட காட்டுவாங்க.

கேள்வி: துப்பாக்கி வச்சுக்கலாமா, அடிக்கலாமா?

துப்பாக்கிக்கு தனி சலுகை எதுவும் இல்ல, அந்த ஸ்டேட்ல உங்களுக்கும் எனக்கும் என்ன சட்டமோ அதுதான். பெரிய குற்றத்துல தண்டனை வாங்கினவர் ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கியைத் தொடவே கூடாது, டிவில பேமஸான பவுண்டி ஹன்டர் டுவேன் சாப்மன் பெப்பர் ஸ்ப்ரேயோட அலைஞ்சது அதனாலதான், அவருக்கு 1977ல டெக்ஸாஸ்ல கொலை கேஸ் தண்டனை. பலம்னு பாத்தா, பிடிக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான், கைவிலங்கு மாட்டின அப்புறம் ஒரு அடி விழுந்தாலும் அது தாக்குதல். 2017 மே மாசம் டெக்ஸாஸ்ல கிரீன்வில்னு ஒரு ஊர், கார் ஷோரூமுக்குள்ள ஒருத்தனை மடக்கப் போய் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ரெண்டு ஹன்டரும் அவனும் மூணு பேரும் செத்தாங்க. சுத்தி சேல்ஸ்மேன், கஸ்டமர். அந்த வீடியோவைப் பாத்தா வேலைக்கு வரணும்னு கேக்கற பசங்க பாதிப் பேரு கேக்கறதை விட்டுடுவாங்க.

கேள்வி: போன் லொகேஷன் எடுக்கறாங்களாமே?

எடுத்தாங்க. 2019 ஜனவரில ஒரு பத்திரிகைக்காரர் 300 டாலர் கொடுத்து ஒரு போன் எங்க இருக்குன்னு இந்த லைன் ஆளு மூலமா கண்டுபிடிச்சுக் காட்டினாரு, டெலிகாம் கம்பெனிகள்கிட்டேருந்து இடைத்தரகர் கை மாறி மாறி அந்த டேட்டா வந்திருக்கு. 2024ல பெரிய டெலிகாம் கம்பெனிகளுக்கு மொத்தமா கிட்டத்தட்ட 20 கோடி டாலர் அபராதம் போட்டாங்க, கம்பெனிகள் அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. நான்தான் அந்த கஸ்டமர்னு பொய் சொல்லி போன் ரெக்கார்டு வாங்கறது 2007லேருந்தே தனி ஃபெடரல் குற்றம், 10 வருஷம் வரைக்கும் போகும். கலிபோர்னியால அடுத்தவங்க கார்ல தெரியாம டிராக்கர் ஒட்டினாலும் குற்றம்.

உண்மையைச் சொல்லணும்னா இதெல்லாம் பெரும்பாலும் தேவையே படாது. எங்க ஆபீஸ்ல ஒரு பெரியவர் இருந்தாரு, அறுபது தாண்டினவர், மெக்சிகன், பைலை எடுத்ததும் முதல்ல அம்மா நம்பருக்குத்தான் போன். மிரட்ட மாட்டாரு. "அம்மா, பையன் செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்குப் போகல, உடம்பு கிடம்பு சரியில்லையா"ன்னு கேப்பாரு, அவ்வளவுதான். அடுத்த நாள் காலைல அந்தப் பையனே தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வாசல்ல நிப்பான், தேதி மறந்துட்டேன், லீவு கிடைக்கலன்னு. அவனை கோர்ட்டுக்கு கூட்டிட்டுப் போய் புது வாய்தா வாங்கி வருவாரு. நான் இருந்த ரெண்டு வருஷத்துல அவர் கைவிலங்கை எடுத்து நான் பாத்தது விரல் விட்டு எண்ணிடலாம்.

கேள்வி: பிடிச்ச அப்புறம் எவ்வளவு நேரம் வச்சிருக்கலாம்?

கலிபோர்னியால 48 மணி நேரத்துக்குள்ள கோர்ட்லயோ போலீஸ்கிட்டயோ ஒப்படைக்கணும், வேற ஸ்டேட்ல பிடிச்சா கலிபோர்னியாவுக்குள்ள கொண்டு வந்ததுலேருந்து 48. நடுவுல மோட்டல்ல வச்சு சொந்தக்காரங்ககிட்ட "2,000 கொடு விட்டுடறேன்"னு பேரம் பேசினா அது ரிக்கவரி இல்ல, பணம் பறிக்கறது.

கேள்வி: போலீஸும் கூட வந்தா சட்டம் மாறுமா?

மாறும், இது சுவாரஸ்யமான இடம். தனியா வந்த பெயில் ஆளு அரசாங்கத்தோட கை இல்ல, அதனால அரசியல் சட்ட உரிமையை மீறிட்டாருன்னு அவர் மேல ஃபெடரல் கேஸ் போட முடியாதுன்னு 1974ல ஒரு அப்பீல் கோர்ட் சொன்னுச்சு. ஆனா 1987ல மேரிலேண்ட்லேருந்து வந்த கேஸ்ல போலீஸ்காரர் துணைக்கு நிக்க ஒரு அம்மா வீட்டுக்குள்ள பூந்த பெயில் ஆளை, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதால நீயும் அரசாங்க ஆளு மாதிரிதான்னு வேற ஒரு அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு. தெம்புக்கு போலீஸைக் கூட்டிட்டுப் போனா பொறுப்பும் சேர்ந்து ஏறும்.

கேள்வி: வேற நாட்டுக்கு ஓடிட்டா?

பேப்பர் பார்டரோட முடிஞ்சது. 2003 ஜனவரில ஆண்ட்ரூ லஸ்டர்னு ஒரு பணக்காரன், 10 லட்சம் டாலர் பெயில்ல இருந்தவன், பாலியல் கேஸ் விசாரணை நடக்கும்போதே மெக்சிகோ ஓடிட்டான், அவன் இல்லாமலே 124 வருஷம் தண்டனை கொடுத்தாங்க. சாப்மன் ஜூன்ல புவெர்ட்டோ வயார்ட்டா போய் பிடிச்சாரு. மெக்சிகோ போலீஸ் லஸ்டரை அமெரிக்காவுக்கு அனுப்பிட்டு சாப்மனை உள்ள வச்சுது, ஏன்னா அங்க தனியாள் இப்படிப் பிடிச்சா அது ஒருத்தர் சுதந்திரத்தைப் பறிச்ச குற்றம். சாப்மன் அங்க பெயில்ல வெளிய வந்து அமெரிக்கா திரும்பிட்டாரு. 2006ல அமெரிக்க மார்ஷல்களே ஹவாய்ல வீட்டுக்கு வந்து கைது பண்ணாங்க, கடைசில 2007ல காலாவதி ஆயிடுச்சுன்னு மெக்சிகோ கோர்ட் கேஸை முடிச்சுது. செலவுக்காவது பெயில் பணத்துல பங்கு கொடுங்கன்னு கேட்டதுக்கும் ஜட்ஜ் முடியாதுன்னுட்டாரு. ஊரைப் பிடிச்சவரே பெயில்ல வந்தாருன்னு எங்க ஆபீஸ்ல சொல்லிச் சிரிப்பாங்க.

கேள்வி: ஃப்ரெண்டுக்கு கோ-சைன் பண்ணிட்டேன், அவன் ஓடிட்டான். என்னைப் பிடிப்பாங்களா?

உங்களைப் பிடிக்க முடியாது, பிடிக்க வேண்டியது அவனை. ஆனா உங்க காசைப் பிடிப்பாங்க. கோ-சைனர்ங்கறது ஜாமீன்தார் மாதிரி, பாண்ட் தொகை முழுசும், தேடற செலவும் உங்க தலைல விழற மாதிரிதான் பேப்பர் இருக்கும், வீட்டை அடமானமா எழுதிக் கொடுத்திருந்தா அதுவும். நம்மாளுங்க ரூம்மேட்டுக்காக, ஆபீஸ் தம்பிக்காக பாவம் பாத்து கையெழுத்து போட்டுடறாங்க, படிச்சுட்டுப் போடுங்கப்பா. அவன் இருக்கற இடம் தெரிஞ்சா கம்பெனிகிட்ட சொல்றதுதான் உங்களுக்கு நல்லது. அதே சமயம் உங்க வீட்டை சோதனை போடணும், உங்க போனைக் கொடுன்னு கேட்டா ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னு பாக்காம சரின்னு சொல்லாதீங்க, ஏன்னா சில கம்பெனிங்க அதையும் உள்ள நுழைச்சு வச்சிருக்கு. "உன் விசாவை கேன்சல் பண்ணிடுவேன்"னு மிரட்டினா பயப்படாதீங்க, அந்த அதிகாரம் அவருக்கு அணுவளவும் இல்ல.

கேள்வி: இந்த வேலைக்கு எப்படிப் போறது?

கலிபோர்னியால 18 வயசு ஆகியிருக்கணும், கைது பண்ற அதிகாரம் பத்தின 40 மணி நேர கோர்ஸ் முடிக்கணும், 2023 ஜூலைலேருந்து இன்ஷூரன்ஸ் டிபார்ட்மென்ட் லைசென்ஸும் 10 லட்சம் டாலர் பொறுப்பு இன்ஷூரன்ஸும் வேணும். ஹெச்1பி விசால இருந்துக்கிட்டு வீக்கெண்ட்ல பண்ணலாமான்னு ஒருத்தர் கேட்டாரு. வேண்டாம் சார்.

கேள்வி: நம்ம ஊர்ல இப்படி உண்டா?

கிடையாது. காசு வாங்கிட்டு ஜாமீன் போடற கம்பெனி அமெரிக்காவும் பிலிப்பைன்ஸும் தவிர உலகத்துல எங்கயும் பெருசா இல்ல. இங்கிலாந்துல ஜாமீன் போட்டவருக்கு நஷ்டத்தை நான் ஈடு கட்டறேன்னு பேசிக்கறதே 1976 பெயில் சட்டப்படி குற்றம், அங்க இருக்கற நியாயம் என்னன்னா ஜாமீன்தாருக்கு உண்மையான பயம் இருக்கணும். நம்ம ஊர்லயும் ஜாமீன் போட்டவர் ஆளைத் துரத்திப் பிடிக்க வேண்டாம், எனக்கு இந்த ஜாமீன் வேண்டாம்னு மாஜிஸ்திரேட்கிட்ட மனு போடலாம், முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 444, இப்ப பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதால 489. மாஜிஸ்திரேட் வாரண்ட் போடுவாரு, போலீஸ் பிடிக்கும்.

கேள்வி: ராத்திரில கதவைத் தட்டறாங்க, நான் அந்த ஆளே இல்ல. என்ன பண்றது?

கதவைத் திறக்காதீங்க, உள்ளேருந்தே பேசுங்க. யாரைத் தேடறீங்க, எந்த கம்பெனி, பேப்பரை ஜன்னல்ல காட்டுங்கன்னு கேளுங்க. போட்டோ காட்டினா பாத்துட்டு நான் இல்லைன்னு சொல்லுங்க, பழைய வாடகைக்காரர் பேரா இருந்தா எப்ப குடி வந்தீங்கன்னு சொன்னா போதும், முக்கால்வாசி அதுதான். உடனே 911க்கு அடிச்சு, பெயில் ஆளுன்னு சொல்லிக்கிட்டு வாசல்ல நிக்கறாங்க, உங்களுக்கு தகவல் வந்திருக்கான்னு கேளுங்க. கலிபோர்னியான்னா தகவல் போயிருக்கணும். போகலைன்னா போலீஸ் வண்டி வர்ற வரைக்கும் அவங்களே அங்க நிக்க மாட்டாங்க.